இருபத்தோராவது கறை

குடிநீர்த் துறையில் வியாழக்கிழமை என்றால் காலர் பார்க்கும் நாள். காலை பத்தேகால் மணிக்கு மீட்டர் படிப்பவர்கள், வால்வு திறப்பவர்கள், குழாய் உடைப்பைச் சரிசெய்பவர்கள் அத்தனை பேரும் பின்பக்க வராந்தாவில் வரிசையாக நின்று கழுத்தைக் குனித்துக் கொடுக்க வேண்டும். உடைக் கண்காணிப்பாளர் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து நின்று, சட்டைக் காலரை இரண்டு விரலால் தூக்கி உள்பக்கத்தைப் பார்ப்பார். அவர் கையில் ஒரு நிற அட்டை இருக்கும். அதில் இருபது கட்டங்கள். வியர்வை என்றால் நான்காம் எண், டீ என்றால் ஒன்பது, கிரீஸ் என்றால் பதினேழு. ஊரில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் ஏறுகிறதா இல்லையா என்று பார்க்க ஓர் ஆள் கிடையாது. காலர் பார்க்க ஒரு கண்காணிப்பாளர், அவருக்கு ஓர் உதவியாளர், அந்த உதவியாளருக்கு அட்டையைத் துடைக்க ஒரு தனித் துணி.

காரணம் கேட்டால் கண்காணிப்பாளர் சுவரில் மாட்டியிருக்கும் சுற்றறிக்கையைக் காட்டுவார். 'ஊழியரின் வெள்ளைச் சட்டை துறைத் தண்ணீரின் தூய்மைக்குச் சாட்சி' என்று அதில் இருக்கும். ஆகையால் சீருடையை யாரும் வீட்டில் துவைக்கக் கூடாது. துறையின் சலவைப் பிரிவில், துறையின் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில்தான் துவைக்க வேண்டும். புதன்கிழமை வாங்கி, வியாழக்கிழமை போட்டுக்கொண்டு வந்து, அவர்கள் துவைத்த சட்டையை அவர்களிடமே காட்டி நல்ல பெயர் வாங்க வேண்டும். என்ன அழகான ஏற்பாடு பாருங்கள்.

அந்த வியாழக்கிழமை முப்பத்திரண்டாம் வார்டு மீட்டரம்மாவின் காலரைத் தூக்கிய கண்காணிப்பாளர் அப்படியே நின்றுவிட்டார். அட்டையை வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். உதவியாளரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். காலரின் உள்பக்கம் முழுக்கச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கறை. அட்டையில் எந்தக் கட்டத்தோடும் அது பொருந்தவில்லை.

"இது என்னம்மா?" என்றார்.

"தெரியல சார். நேத்து சலவையில இருந்து வாங்கறப்பவே இருந்துச்சு."

"தெரியலன்னு சொல்றவங்களுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, கண்காணிப்பாளர் அவளை வரிசையிலிருந்து தனியே நிறுத்தினார்.

மீட்டரம்மா என்பது அவள் வார்டில் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வைத்த பெயர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுவது அவள் வேலை. ஆறு வருஷமாகத் தற்காலிக ஊழியர். இந்த மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போக வேண்டும். அதில் பதினோரு சான்றுகள் இணைக்க வேண்டும், பத்து வந்துவிட்டன. பதினொன்றாவது, கறையின்மைச் சான்று.

சம்பளம் கூடும் என்பதற்காக அவள் நிரந்தரத்துக்கு ஆசைப்படவில்லை. அவளுக்கு வெயில் ஆகாது. அரை மணி நேரம் வெயிலில் நின்றால் கன்னமும் பின்கழுத்தும் தடித்து, சிவந்து, ராத்திரிக்குள் தோல் உரிய ஆரம்பித்துவிடும். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, காலை பத்து மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார். துறையிலோ தற்காலிக ஊழியருக்குப் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை சுற்று. நிரந்தரமானவர்களுக்குத்தான் காலை ஆறிலிருந்து பத்து. நிரந்தர ஊழியரின் உடல்நலம் துறையின் சொத்து என்று விதியில் இருக்கிறது. தற்காலிக ஊழியரின் உடல்நலம் யார் சொத்து என்று விதி சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் டாக்டர் ஒரு சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் முகத்திலும் கழுத்திலும் கெட்டியாகப் பூச வேண்டும். இரண்டு வாரமாக அதைப் பூசிக்கொண்டுதான் அவள் கேட் கேட்டாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று மதியமே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கறை உணவால் ஏற்பட்டதா, பானத்தால் ஏற்பட்டதா, பணி நேரத்தில் ஏற்பட்டதா, ஏற்பட்டபோது தாங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பன்னிரண்டு கேள்விகள். பத்தாவது கேள்வி: இந்தக் கறையைப் பற்றித் தாங்கள் இதற்கு முன் யாரிடமாவது பேசியதுண்டா? அவள் உட்கார்ந்து பன்னிரண்டுக்கும் 'இல்லை', 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தாள். பொய் சொல்லாமல் எழுதினாள். அதுவே அவர்களுக்குச் சந்தேகமாகப் போய்விட்டது. பன்னிரண்டு கேள்விக்கும் ஒருத்தி உண்மையாகப் பதில் சொல்லிவிட்டால் அவளிடம் ஏதோ பெரிதாக இருக்க வேண்டும் என்று கண்காணிப்பாளர் குறிப்பு எழுதினார்.

கறை படிந்த சட்டையைச் சலவைப் பிரிவு மறுபடி வாங்கிக்கொண்டது. சலவை மேஸ்திரி முப்பது வருஷம் அந்தத் தொட்டிகளோடு வாழ்ந்தவர். அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான், ப்ளீச்சிங் பவுடர். கறை போகவில்லையா, இன்னும் ஒரு கை போடு. முதல் தடவை துவைத்ததும் கறை கொஞ்சம் அடர்த்தியானது. இரண்டாம் தடவை காலரைத் தாண்டித் தோள்பட்டைக்கு வந்தது. மூன்றாம் தடவைக்குப் பிறகு மேஸ்திரி சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அறிக்கை எழுதினார். 'மேற்படி கறை மும்முறை கண்டிப்பான நடவடிக்கைக்கு உட்படுத்தப்பட்டும் ஒத்துழைக்க மறுக்கிறது. ஊழியரின் நடத்தையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.'

அப்புறம்தான் கண்காணிப்பாளருக்கு அந்த யோசனை உதித்தது. செம்மஞ்சள் என்றால் துரு. துரு எங்கே இருக்கும்? இரும்புக் கேட்டில். மீட்டரம்மாவின் கழுத்துக்கு இரும்புக் கேட் எப்படி வந்தது? பணி நேரத்தில் ஏதோ ஒரு வீட்டுக் கேட்டில் கழுத்தைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறாள். எந்தக் கேட் என்று கண்டுபிடித்துவிட்டால் விஷயம் முடிந்தது. உதவியாளர் ஒரு கட்டு வெள்ளைத் துணித் துண்டுகளோடு முப்பத்திரண்டாம் வார்டுக்குப் போனார். ஆறு நாள் வீடு வீடாகப் போய்க் கேட்களைத் துடைத்து, துண்டுகளுக்கு நம்பர் போட்டு எடுத்து வந்தார்.

தண்ணீர்த் துறையிலிருந்து ஆள் வந்திருக்கிறார் என்றதும் வார்டே திரண்டுவிட்டது. தண்ணீர் கலங்கலாக வருகிறது, பாத்திரம் பழுப்பேறுகிறது, பிள்ளைகளின் ஸ்கூல் சட்டை மஞ்சளாகப் போகிறது என்று எழுபத்தேழு பேர் மனு எழுதிக் கொடுத்தார்கள். உதவியாளர் நாணயமான மனிதர். எழுபத்தேழையும் வாங்கிப் படித்துப் பார்த்து, 'கேட் தொடர்பற்றவை' என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இதற்கிடையில் மீட்டரம்மாவுக்கும் சந்தேக நோய் பிடித்துக்கொண்டது. அவள் தொழிலே அப்படி. மீட்டர் மேல் காந்தம் வைப்பவர்கள், மீட்டரை மறைத்துப் பூந்தொட்டி வைப்பவர்கள், சரியாக அவள் வரும் நேரத்துக்கு நாயை அவிழ்த்துவிடுபவர்கள் என்று ஆறு வருஷம் பார்த்தவள். நிரந்தரப் பட்டியலில் தனக்கு அடுத்த பெயர் வால்வுக்காரருடையது என்பது நினைவுக்கு வந்தது. அவர் ஏன் போன வாரம் சிரித்தபடி வணக்கம் வைத்தார்? அதற்கு முந்தின வாரம் வைக்கவில்லையே?

வீட்டிலும் விடவில்லை. புருஷனைப் பிடித்தாள்.

"நேத்து என் சட்டைய எதுக்கு எடுத்து மாட்டினீங்க?"

"நாற்காலியில கிடந்துச்சு. மாட்டினேன்."

"அதான், எதுக்குன்னு கேக்கறேன்."

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வேலையைச் சொல்லாமலே செய்தார், பாவம். அதற்கும் விசாரணை வந்ததும் இனிமேல் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

அடுத்தது நாத்தனார். புருஷனின் தங்கை அவள். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் சலவை அறையில் வேலை, தங்கல் இவர்களோடு. சன்ஸ்கிரீன் ட்யூப் நினைத்ததைவிடச் சீக்கிரம் ஒல்லியாகிக்கொண்டு வருகிறது என்று மீட்டரம்மாவுக்குத் தோன்றியது. ஒரு நாள் காலை, பேனாவால் ட்யூபின் மேல் மெல்லிசாக ஒரு கோடு போட்டு வைத்தாள். சாயங்காலம் நாத்தனார் அந்த ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"அண்ணி, இதுல கோடு போட்டிருக்கீங்க. மீட்டர் படிக்கறீங்களா?"

மீட்டரம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அழுதுவிட்டாள். கறை, கேள்வி, கேட், மாதக் கடைசி எல்லாவற்றையும் கொட்டினாள். நாத்தனார் கொடியில் தொங்கிய சட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். அது மீட்டரம்மாவின் இரண்டாவது சட்டை. அதுவும் முந்தின புதன்கிழமை சலவைப் பிரிவிலிருந்து திரும்பி வந்ததுதான். லேசான செம்மஞ்சளாக அதன் காலரிலும் ஆரம்பித்திருந்தது. நாத்தனார் காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அட்டை எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"இது சன்ஸ்கிரீன் கறை அண்ணி. எங்க ஹோட்டல்ல தினம் இருநூறு துண்டு இப்படித்தான் வரும். நீச்சல் குளத்துல குளிக்கறவங்க பூசிட்டு வந்து துடைப்பாங்க. கிரீம் மட்டும் பட்டா எண்ணெய்ப் பிசுக்குதான், லேசா மஞ்சள். தண்ணியில இரும்பு இருந்தா அதோட சேர்ந்து துரு மாதிரி ஆயிடும். அதுல ப்ளீச் போட்டா போச்சு, இன்னும் ஏறும்."

"எங்க தண்ணியிலயா இரும்பு?"

"பின்ன, என் தண்ணியிலயா?"

மீட்டரம்மா நம்பவில்லை. துறைக்கு ஆறு வருஷம் உழைத்தவள் அவ்வளவு சுலபத்தில் நம்பிவிடுவாளா? சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். பழைய வெள்ளைத் தலையணை உறை ஒன்றை இரண்டாகக் கிழித்தார்கள். இரண்டிலும் கிரீமைத் தேய்த்தார்கள். ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்து ப்ளீச் போட்டார்கள். இன்னொன்றைக் கடையில் வாங்கிய கேன் தண்ணீரில், பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டுப் பிசுக்குப் போகத் தேய்த்து அலசினார்கள். ஒரு மணி நேரத்தில் முதல் துணி செம்மஞ்சளாக வந்தது. இரண்டாவது வெள்ளையாகவே இருந்தது.

பிறகு நாத்தனார் அந்த இரண்டாவது சட்டையை எடுத்தாள். காலரில் பாத்திரத் திரவத்தை விட்டுக் கட்டைவிரலால் தேய்த்து, கேன் தண்ணீரில் அலசினாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கறை மேல் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்தாள். வெந்நீர் வேண்டாம், இஸ்திரி வேண்டாம், கறை முழுசாகப் போன பிறகுதான் சூடே காட்ட வேண்டும் என்றாள். இரண்டாம் தடவை பிழிந்ததும் கறை கரைந்து போய்விட்டது. போன இடம் தெரியவில்லை.

மீட்டரம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கறை தன்னுடையது என்றால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். துறையின் தண்ணீருடையது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

விசாரணை திங்கட்கிழமை காலை பத்தரைக்கு. தலைமைப் பொறியாளரின் அறையில் நீள மேஜை. நடுவில் தலைமைப் பொறியாளர், ஒரு பக்கம் ஆய்வக அதிகாரி, மறுபக்கம் உடைக் கண்காணிப்பாளர். மூன்று பேர் முன்னாலும் மூடி போட்ட கண்ணாடி டம்ளர்கள். மூலையில் குளிர்ந்த தண்ணீர் தரும் இயந்திரம் ஒன்று, அதன் தலையில் கவிழ்த்து வைத்த இருபது லிட்டர் கேன். கடையில் வாங்கிய கேன். மீட்டரம்மா அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

கண்காணிப்பாளர் முதலில் பேசினார். கேட்களிலிருந்து எடுத்த நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகளில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டின் நிறம் கறையோடு பொருந்துவதால், அவள் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வீடுகளில் தூங்கியிருக்கக்கூடும் என்று முதல்கட்டமாகத் தெரிகிறது என்றார். எப்போது வேலை பார்த்தாள் என்பது தனியாக ஆராயப்பட வேண்டும் என்றும் சொன்னார்.

மீட்டரம்மா பையிலிருந்து இரண்டு துணிகளையும் எடுத்து மேஜையில் விரித்தாள். டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளையாகிவிட்ட சட்டையையும் வைத்தாள். நாத்தனார் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். தலைமைப் பொறியாளர் அந்தச் சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்தார். சுத்தமாகப் போய்விட்டதே என்று ஆச்சரியப்பட்டார். பாத்திரத் திரவத்துக்குப் பிறகுதான் எலுமிச்சையா, அதற்கு முன்னாலா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் தான் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து நிமிர்ந்தார்.

"நம்ம தண்ணியில இரும்பு இருக்குன்னு சொல்றீங்களா?"

"துணி சொல்லுது சார்."

தலைமைப் பொறியாளர் ஆய்வக அதிகாரியைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இரும்பு பாக்கற சோதனைய நாங்க நிறுத்தி ஒன்பது வருஷம் ஆச்சு சார். அந்த ஒன்பது வருஷத்துல ஒரு தடவை கூட இரும்பு கிடைச்சதில்ல. அதுக்கு முந்தி தினம் பாத்தோம், தினம் கிடைச்சுது. அதனாலதான் நிறுத்தினோம்."

"கேட்டீங்களா? ஒன்பது வருஷம்" என்றார் தலைமைப் பொறியாளர். "ஏம்மா, இந்தத் துறை மேல நம்பிக்கைதான் முக்கியம். தண்ணிய யாரு வேணாலும் குடுப்பாங்க. நம்பிக்கைய நாமதான் குடுக்கறோம். நானும் இந்த ஊர்க்காரன்தான். இந்தத் தண்ணிய நம்பித்தான் இருக்கேன்." சொல்லிவிட்டு டம்ளர் மூடியைத் திறந்து கேன் தண்ணீரை ஒரு மிடறு குடித்தார்.

கடைசியில் ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்கள். 'மேற்படி கறைக்கு என் தோலின் தன்மையே காரணம் என்றும், துறைத் தண்ணீரில் இரும்பு இல்லை என்றும் உளமார உறுதி கூறுகிறேன்.' கையெழுத்துப் போட்டால் கறையின்மைச் சான்று உடனே கிடைக்கும் என்றார்கள். மீட்டரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். ஆறு வருஷம் மற்றவர்கள் வீட்டுத் தில்லுமுல்லைப் பார்த்த கண் அது. தோலில் கோளாறு என்று எழுதிக் கொடுத்தால், ஏற்கெனவே வந்துவிட்ட நான்காவது சான்றான உடல்தகுதிச் சான்று அடுத்த மேஜையில் ரத்தாகும். பதினொன்றாவது சான்று வரும், நான்காவது போகும். எழுதிக் கொடுக்காவிட்டால் பதினொன்றாவதே வராது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் நேரம் கொடுத்தார்கள். அன்றுதான் மாதக் கடைசி.

செவ்வாய்க்கிழமை துறையில் 'வெயிலில் ஒரு மணி' என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். களப்பணியாளர்களின் கஷ்டத்தை அதிகாரிகள் நேரில் உணர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. தலைமைப் பொறியாளர் உட்பட ஒன்பது அதிகாரிகளும், கூடவே உடைக் கண்காணிப்பாளரும் புத்தம் புது வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். வெயில் படுமே என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சன்ஸ்கிரீன் ட்யூபும் கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் சந்தனம் பூசுவதைப்போல ஒருவருக்கொருவர் பூசிவிட்டுக்கொண்டார்கள். ஒரு வால்வைத் திறந்து, போட்டோ எடுத்துக்கொண்டு, வால்வை மூட மறந்துவிட்டுத் திரும்பினார்கள். சட்டைகள் விதிப்படி சலவைப் பிரிவுக்குப் போயின. மேஸ்திரி அதிகாரிகளின் சட்டை என்பதால் ப்ளீச்சைத் தாராளமாகப் போட்டார்.

நிகழ்ச்சியின் தொடர்ச்சியாக வியாழக்கிழமை அதிகாரிகளும் வரிசையில் நின்று கண்காணிப்பாளரிடம் காலரைக் காட்டினார்கள். ஒன்பது அதிகாரிகளின் காலரும் செம்மஞ்சள். கண்காணிப்பாளருடைய காலரும் செம்மஞ்சள். அதிகாரிகளை வரிசையிலிருந்து தனியே நிறுத்துவதற்கு விதி இல்லை. பதினொரு மணிக்கு அவசரக் கூட்டம் போட்டு, பன்னிரண்டு மணிக்குச் சுற்றறிக்கை வெளியிட்டார்கள். நிற அட்டையில் இருபத்தோராவது கட்டம் சேர்க்கப்படுகிறது. பெயர், 'களப்பொலிவு'. உதவிப் பொறியாளர் மற்றும் அதற்கு மேற்பட்ட பதவியில் உள்ளவர்களின் சட்டையில் இந்த நிறம் காணப்பட்டால் பாராட்டுக்குரியது. அதற்குக் கீழ்ப்பட்டவர்களின் சட்டையில் காணப்பட்டால் கறை.

மீட்டரம்மா சுற்றறிக்கையை அறிவிப்புப் பலகையில் நின்று படித்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வால்வுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, தானும் வெயிலுக்குக் கிரீம் பூசுவதாகவும், தனக்கும் அந்தக் கறை வந்து இரண்டு மாதம் ஆகிறது என்றும், வியாழக்கிழமை தோறும் காலரில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு வருவதாகவும் சொன்னார். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவரோ வேறு சந்தேகத்தில் இருந்தார். அன்றைக்கு நான் சிரித்து வணக்கம் வைத்தபோது நீங்கள் ஏன் முறைத்தீர்கள் என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் வீட்டு வாசலில் துறையின் ஜீப் வந்து நின்றது. கையெழுத்து வாங்க வந்துவிட்டார்கள் என்று மீட்டரம்மா நினைத்தாள். தலைமைப் பொறியாளரின் டிரைவர் இறங்கி வந்தார். ஒரு தோளில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன். மறு கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"அய்யாவோட சட்டைம்மா. ஞாயித்துக்கிழமை வீட்டு விசேஷத்துக்குப் போட எடுத்து வெச்ச பட்டுச் சட்டை. கழுத்துல கிரீமோட அதைப் போட்டுப் பாத்துட்டாரு. சட்டை தெரியாம சலவைக்குப் போயிடுச்சு. அதுலருந்து அய்யாவோட சம்சாரம் அவர்கிட்ட பேசறதே இல்லையாம். நீங்க எப்படியாச்சும்..." என்று டிரைவர் இழுத்தார்.

பொட்டலத்தோடு ஒரு சீட்டும் இருந்தது. அதை வாங்கிப் படித்தாள்.

'மேற்படி சட்டையின் கறையை நீக்கித் தரவும். இதற்கென கேன் தண்ணீர் ஒன்று அனுப்பப்படுகிறது. குழாய்த் தண்ணீர் படக் கூடாது.' கீழே கையெழுத்து. அதன் மேல் துறையின் வட்ட முத்திரை. தேதி. வரிசை எண் கூட இருந்தது.

"இதுக்கு எதுக்குங்க சீல்?" என்றாள் மீட்டரம்மா.

"சீல் இல்லாம ஆபீஸ்ல இருந்து ஒரு குண்டூசி வெளிய போக முடியாதும்மா. கேன் வெளிய வரணும்னா அய்யா கையெழுத்தும் சீலும் வேணும். கேட்ல ஒரு காப்பி வாங்கிக்கிட்டுத்தான் விட்டாங்க. அவரே போட்ட விதி."

நாத்தனார் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அதை மடித்து அலமாரியில் பத்திரமாக வைத்தாள்.

சட்டையை இருவரும் சேர்ந்தே துவைத்தார்கள். பட்டு என்பதால் எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டு வைத்தார்கள். குழாயை யாரும் திறக்கவில்லை. சட்டை பழைய வெள்ளைக்கு வந்தது. தொழிலில் மீட்டரம்மா வஞ்சகம் செய்பவளல்ல. இதைச் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவள் தன் விளக்கக் கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, முத்திரை வாங்கி, எண் போட்டு வாங்கிக்கொண்டாள். கடிதத்தில் இரண்டே வரிதான். தங்கள் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட இயலவில்லை. காரணம், இணைப்பு ஒன்று. இணைப்பு ஒன்று அந்தச் சீட்டின் நகல்.

பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். அறையில் தலைமைப் பொறியாளர் மட்டும் இருந்தார். அவர் முன்னால் கடிதம் விரிந்து கிடந்தது. டம்ளர் மூடியைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"ஒரிஜினல் எங்க?"

"வீட்ல பத்திரமா இருக்கு சார். உங்க சட்டையும் பத்திரமா இருக்கு."

"கறை?"

"சுத்தமா போயிடுச்சு சார்."

"குழாய்த் தண்ணி..."

"படவே இல்ல சார்."

அவர் பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சா என்று மீட்டரம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் எழுந்து போன நாற்பது நிமிஷத்தில் கறையின்மைச் சான்று வந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் கோப்பு மேலே போய், கீழே வந்து, நிரந்தர ஆணை அவள் கைக்கு வந்துவிட்டது. துறை உருவான நாளிலிருந்து எந்தக் காகிதமும் அந்த வேகத்தில் ஓடியதில்லை. விளக்கக் கடிதத்தின் மேல் கண்காணிப்பாளர் 'கேட் தொடர்பற்றது' என்று எழுதி, கோப்பை மூடிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குக் காலை ஆறு மணிச் சுற்று. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஒரு வாரத்தில் கழுத்துத் தடிப்பு அடங்கியது. முகத்தில் பழைய தோல் திரும்பியது. சீருடையை இப்போது துறைக்குத் தெரியாமல் வீட்டிலேயே துவைத்துக்கொள்கிறாள். வியாழக்கிழமை கண்காணிப்பாளர் அவள் காலரைத் தூக்காமலே நகர்ந்துவிடுகிறார்.

இரண்டாவது வாரம் முப்பத்திரண்டாம் வார்டில் ஒரு வீட்டில் மீட்டரைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அம்மா உள்ளேயிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்கூல் சட்டை. காலர் முழுக்கச் செம்மஞ்சள்.

"பையன் விளையாட்டு டீம்ல இருக்கான். வெயிலுக்குக் கிரீம் பூசிட்டுத்தான் போவான். டீச்சர் நாலு தடவை வெளிய நிக்க வெச்சுட்டாங்க, அழுக்குச் சட்டைன்னு. துவைக்கத் துவைக்க ஏறுது. உங்க ஆபீஸுக்கு மனு குடுத்தேன், திருப்பிக் குடுத்துட்டாங்க. இது எதனாலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மீட்டரம்மா நிமிர்ந்தாள். பையில் புது அடையாள அட்டை இருந்தது. நிரந்தரம் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாத்திரம் தேய்க்கற திரவத்தைப் போட்டுத் தேய்ங்க. அப்புறம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஊற வைங்க. ப்ளீச் வேண்டாம்." மீட்டர் மூடியைச் சாத்தினாள். "குழாய்த் தண்ணி படக் கூடாது."

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். சட்டைப் பையில் தைத்திருந்த துறையின் பெயரைப் படித்தாள். பிறகு பார்வை மெல்லக் கழுத்துக்கு வந்து, அங்கேயே நின்றது.

"அதான் உங்க காலர் மட்டும் இவ்வளவு வெள்ளையா இருக்கா?" என்றாள்.